கொத்தாக மறையும் சேனல்கள்

பிரிட்டனில் கூரையில் ஆன்டெனா வைத்து, மாதச் சந்தா கட்டாமல் டிவி பார்க்கிறவர்களுக்காக ஃப்ரீவியூ என்றொரு சேவை இருக்கிறது. 2002 அக்டோபர் 30 அன்று தொடங்கியது. அந்த வீடுகளின் திரையில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும்: சில சேனல்கள் இடம் மாறியிருக்கின்றன, பெட்டியை ரீட்யூன் செய்துகொள்ளுங்கள். ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். திரையில் ஒரு கோடு நகர்ந்து நூறு சதவீதத்தைத் தொடும். சிலருக்குப் புதிய சேனல்கள் கிடைக்கும். சிலருக்கோ நேற்றுவரை வந்துகொண்டிருந்த பத்துப் பதினைந்து சேனல்கள் பட்டியலிலேயே இருக்காது. பதறிப்போய் மறுபடியும் அதே பொத்தானை அழுத்துவார்கள். இன்னும் சில போகும்.

அந்த இரண்டாவது அழுத்தலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தெந்தச் சேனல்கள் போயின என்று ஒரு தாளில் எழுத வேண்டும். டிஜிட்டல் ஒளிபரப்பில் சேனல்கள் தனித்தனியாகக் காணாமல் போவதில்லை, கூட்டமாகத்தான் போகும். எந்தக் கூட்டம் போனது என்று தெரிந்தால் காரணத்தில் பாதி தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, காற்றில் வருவது என்ன, பெட்டி அதை எப்படிப் படிக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரே தடத்தில் பல சேனல்கள்

அனலாக் காலத்தில் கணக்கு எளிது. ஓர் அலைத்தடத்தில் ஒரு சேனல். பிபிசி ஒன்றுக்கு ஒரு தடம், ஐடிவிக்கு வேறொரு தடம். டிஜிட்டலில் அதே அகலமுள்ள ஒரு தடம் பல சேனல்களை ஒன்றாகச் சுமக்கிறது. இந்தத் தொகுப்பைப் பொறியாளர்கள் மல்டிபிளெக்ஸ் என்கிறார்கள். நாம் கொத்து என்று வைத்துக்கொள்வோம்.

பிரிட்டனில் ஒவ்வொரு தடமும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். தடங்களுக்கு எண் உண்டு. 21இல் தொடங்கி இப்போது 48இல் முடிகிறது. எண்ணை 8ஆல் பெருக்கி 306ஐக் கூட்டினால் அந்தத் தடத்தின் நடு அதிர்வெண் கிடைக்கும். தடம் 21 என்றால் 474 மெகாஹெர்ட்ஸ், தடம் 48 என்றால் 690.

தெற்கு லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் கோபுரம் இருக்கிறது. 219 மீட்டர் உயரம். லண்டன் வீடுகளில் பெரும்பாலானவற்றின் ஆன்டெனா அதை நோக்கித்தான் திரும்பியிருக்கும். அங்கிருந்து ஆறு முக்கியக் கொத்துகள் கிளம்புகின்றன. தடம் 23இல் பிபிசியின் சாதாரணத் தரச் சேனல்கள். 26இல் ஐடிவி, சேனல் 4, சேனல் 5 முதலியவை. 30இல் எச்டி சேனல்கள். இந்த மூன்றும் பொதுச்சேவைக் கொத்துகள். 22, 25, 28 ஆகியவற்றில் வணிகக் கொத்துகள்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் முக்கியமானது. ஒரே கொத்தில் உள்ள இரண்டு சேனல்களில் ஒன்று தெளிவாக வந்து மற்றொன்று வரவில்லை என்றால், கோளாறு ஆன்டெனாவிலோ கேபிளிலோ இருக்க முடியாது. இரண்டும் ஒரே அலையில்தான் வருகின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒளிபரப்பாளர் அந்தச் சேனலை நிறுத்தியிருப்பார், அல்லது வேறு கொத்துக்கு மாற்றியிருப்பார். ஏணி வைத்துக் கூரை ஏறத் தேவையே இல்லை.

ஒரு கொத்துக்குள் நடப்பது வியக்கத்தக்க வேலை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 6,817 நுண்ணிய துணை அலைகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. தரவு சுமக்கும் ஒவ்வொரு துணை அலையும் ஒரு தடவைக்கு 6 பிட் தகவலைச் சுமக்கிறது. ஒரு தடவை என்பது 896 மைக்ரோவினாடி. அதற்கு முன்னால் 28 மைக்ரோவினாடி இடைவெளி விடுகிறார்கள். கட்டடத்திலோ குன்றிலோ பட்டுத் திரும்பும் எதிரொலி அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தால் பாதிப்பில்லை. 28 மைக்ரோவினாடியில் அலை 8.4 கிலோமீட்டர் போகும். ஆகவே நேராக வரும் அலையைவிட 8 கிலோமீட்டர் சுற்றி வந்த அலையையும் பெட்டி சமாளித்துவிடும். அனலாக் படத்தில் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான முகம் தெரியுமே, அந்தத் தொல்லை ஒழிந்தது இதனால்தான்.

ரீட்யூன் என்ன செய்கிறது?

ரிமோட்டில் 1ஐ அழுத்தினால் பிபிசி ஒன்று வருகிறது. அந்த 1க்கும் அலைத்தடத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தத் தடத்தில் எந்தச் சேனல், அதற்கு ரிமோட்டில் என்ன எண் என்பதெல்லாம் பெட்டியின் நினைவகத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதுவதுதான் ட்யூனிங்.

பெட்டி கீழ்த்தடத்திலிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போகிறது. ஒரு தடத்தில் டிஜிட்டல் ஒளிபரப்பு இருப்பதாகத் தெரிந்தால் நின்று, தகவலைப் படிக்கிறது. தகவல் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. படம், ஒலி சுமக்கும் பொட்டலங்களுக்கு நடுவே அட்டவணைகளைச் சுமக்கும் பொட்டலங்களும் வந்துகொண்டே இருக்கும். ஓர் அட்டவணை இந்தக் கொத்தில் என்னென்ன சேனல்கள் என்று சொல்லும். இன்னொன்று, வலைப்பின்னல் அட்டவணை; எந்தச் சேனலுக்கு ரிமோட்டில் எந்த எண், மற்றக் கொத்துகள் எங்கே என்றெல்லாம் அதில் இருக்கும். பெட்டி இவற்றை எழுதிக்கொண்டு அடுத்த தடத்துக்கு நகரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்றது இந்த வேலை. கணக்கெடுப்பவர் வந்த வேளையில் வீட்டில் இருந்தவர்கள் ஏட்டில் ஏறுவார்கள். கடைக்குப் போயிருந்தவர் விடுபடுவார். பெட்டி தடம் 28ஐக் கடக்கும் அந்தச் சில வினாடிகளில் சிக்னல் தள்ளாடினால், அந்தக் கொத்தில் உள்ள அத்தனை சேனல்களும் பட்டியலில் ஏறாது. அடுத்த நிமிடமே சிக்னல் சீராகிவிட்டாலும் பெட்டி திரும்பிப் போய்ப் பார்க்காது. முழு ரீட்யூன் என்றால் பழைய பட்டியலையும் அழித்திருக்கும். சிக்னல் திரும்பினாலும் சேனல் திரும்பாத நிலை இப்படித்தான் வருகிறது.

பல பெட்டிகளில் இரண்டு வகைத் தேடல் உண்டு. ஒன்று பழையதை அப்படியே வைத்துக்கொண்டு புதியதை மட்டும் சேர்க்கும். இன்னொன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும். எங்கோ ஒரு புதிய சேனல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் முதல் வகை போதும். கொத்துகள் தடம் மாறியிருந்தால் இரண்டாவது வகைதான் வேண்டும். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழு ரீட்யூனில் பல பெட்டிகள் வரப்போகும் பதிவுகளுக்கான குறிப்புகளையும் அழித்துவிடும். அவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாமே போனால்

பட்டியல் முழுக்கக் காலியானால் இரண்டே சாத்தியங்கள். பெட்டிக்கு அலை வந்து சேரவில்லை. அல்லது கோபுரத்திலிருந்து அலையே கிளம்பவில்லை.

முதலாவதுதான் மிகச் சாதாரணம். சுவரில் உள்ள கேபிள் முனை கழன்றிருக்கும். கூரையில் கேபிளின் உறை வெடித்து மழைநீர் இறங்கியிருக்கும். சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் பரணில் இருக்கும். யாரோ அதன் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். ஆம்ப்ளிஃபையர் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் பெரும்பாலும் சிக்னலைத் தடுத்துவிடும்.

இரண்டாவது வகைக்கு மறக்க முடியாத உதாரணம் பில்ஸ்டேல். இங்கிலாந்தின் வடக்கே, நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலத்தில் 314 மீட்டர் உயரத்தில் நின்ற கோபுரம் அது. 2021 ஆகஸ்ட் 10 அன்று அதில் தீப்பிடித்தது. யார்க்‌ஷயரின் வடபகுதி, டீஸைடு, டரம் என்று லட்சக்கணக்கான வீடுகளில் டிவி அணைந்தது. அன்று பலரும் இயல்பாகச் செய்தது ரீட்யூன். பெட்டி காலியான தடங்களைத் தேடிப் பார்த்தது. எதுவும் கிடைக்கவில்லை. கையிலிருந்த பழைய பட்டியலையும் அழித்துவிட்டது. வேறு கோபுரத்தின் மெல்லிய அலை எட்டிய வீடுகளில் அந்தப் பக்கத்துச் சேனல்கள் உள்ளே ஏறின. பிறகு எஸ்டன் நாபில் ஒரு தற்காலிக நிலையம் வந்தது. பில்ஸ்டேலிலேயே 80 மீட்டரில் ஒரு தற்காலிகக் கோபுரம் எழுந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் மறுபடி ரீட்யூன் செய்ய வேண்டியிருந்தது. புதிய நிரந்தரக் கோபுரம் 2023இல்தான் வந்தது.

அதனால் எல்லாச் சேனல்களும் ஒன்றாகப் போனால் ரிமோட்டைக் கீழே வையுங்கள். பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் கோளாறு கோபுரத்தில். பட்டியலை அழிக்காமல் காத்திருந்தால் அலை திரும்பியதும் சேனல்களும் தாமாகத் திரும்பும். அங்கே வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள்.

பாதி போனால்

பொதுச்சேவைச் சேனல்கள் எல்லாம் இருக்கின்றன, வணிகக் கொத்துச் சேனல்கள் எல்லாம் போய்விட்டன. மிக அடிக்கடி கேட்கும் புகார் இது. இதற்கு அலையின் கணக்கிலேயே விடை இருக்கிறது.

அனுப்பும் பிட்டுகள் எல்லாம் படமாக மாறுவதில்லை. வழியில் சிதைந்ததைச் சரிசெய்வதற்காக ஒரு பங்கைக் காப்புக்கு ஒதுக்குகிறார்கள். பொதுச்சேவைக் கொத்துகளில் சாதாரணத் தரச் சேனல்கள் உள்ள இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு காப்பு. மிச்சத்தில் வினாடிக்கு 24.1 மெகாபிட் தகவல் போகிறது. வணிகக் கொத்துகளில் நான்கில் ஒரு பங்குதான் காப்பு. அதனால் 27.1 மெகாபிட் போகிறது; கூடுதலாகச் சில சேனல்களுக்கு இடம் கிடைக்கிறது. விலை என்னவென்றால், அந்தக் கொத்துகளைப் படிக்கச் சற்று வலுவான, தூய்மையான சிக்னல் வேண்டும். கேபிளில் ஈரம் ஏறி, அல்லது ஆன்டெனா காற்றில் திரும்பி, சிக்னல் சிறிது சிறிதாகக் குறையும்போது வணிகக் கொத்துகளே முதலில் விழும்.

விழுவதும் படிப்படியாக நடக்காது. அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும். ஆனாலும் படம் தெரியும். டிஜிட்டலில் காப்பு பிட்டுகள் பிழையைத் திருத்தும்வரை படம் கச்சிதமாக இருக்கும். பிழைகள் அந்த எல்லையைத் தாண்டியதும் சதுரம் சதுரமாக உடைந்து, உடனே நின்றுவிடும். எல்லைக்கு அருகே இருக்கிறோம் என்பது அதுவரை தெரியாது. பல வீடுகளில் ரீட்யூன் செய்த அன்றுதான் அது வெளிப்படுகிறது. ரீட்யூன் பழியைச் சுமக்கிறது. குறைபாடு பல மாதங்களாகக் கேபிளில் இருந்திருக்கிறது.

பாதி போவதற்கு இன்னொரு காரணம் முற்றிலும் வேறு. பிரிட்டனில் பெரிய கோபுரங்களின் அலை எட்டாத பள்ளத்தாக்குகளுக்கும் ஊர்களுக்கும் சிறு ரிலே நிலையங்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 1,100க்கும் மேற்பட்ட நிலையங்கள். அவற்றில் எண்பது சொச்சம் பெரிய நிலையங்கள் மட்டுமே ஆறு கொத்துகளையும் அனுப்புகின்றன. மற்றவற்றில் மூன்று பொதுச்சேவைக் கொத்துகள் மட்டும்தான். பொதுச்சேவைக் கொத்துகள் 98.5 சதவீத வீடுகளை எட்டுகின்றன. வணிகக் கொத்துகள் சுமார் 90 சதவீதத்தை.

இந்த வேறுபாடு 2009 செப்டம்பர் 30 அன்று ஊரறிய வெளிப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் ரீட்யூன் செய்யச் சொன்னார்கள். ஃபைவ் என்ற சேனலை எல்லோருக்கும் எட்டும் பொதுச்சேவைக் கொத்துக்குக் கொண்டுவருவது முக்கிய நோக்கம். ஃபைவ் உள்ளே வந்தபோது ஐடிவி3, ஐடிவி4 வணிகக் கொத்துக்குப் போயின. ரிலே நிலையத்தை நம்பியிருந்த வீடுகளில் அந்த இரண்டும் மறைந்தன. அந்த வீடுகளில் எத்தனை முறை தேடினாலும் பலன் இருந்திருக்காது. அந்த நிலையத்திலிருந்து அவை கிளம்பவே இல்லை. ஓர் ஊரில் ஒரு தெருவுக்கு நாற்பது சேனல் கூடுதலாக வந்து அடுத்த தெருவுக்கு வராமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு தெரு பெரிய கோபுரத்தைப் பார்க்கிறது, மற்றது ரிலே நிலையத்தைப் பார்க்கிறது.

எச்டி சேனல்கள் மட்டும் மொத்தமாக இல்லையென்றால் பெட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். எச்டி கொத்து டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை முறையில் வருகிறது. ஒவ்வொரு தரவுத் துணை அலையும் 6க்குப் பதில் 8 பிட் சுமக்கிறது. அதே 8 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 40.2 மெகாபிட் போகிறது. 2009 டிசம்பரில் தொடங்கிய இந்த முறையை அதற்கு முந்தைய பெட்டிகளால் படிக்கவே முடியாது. அவற்றின் காதுக்கு அந்தத் தடத்தில் இருப்பது வெறும் இரைச்சல்.

ஒரே ஒரு கொத்து போனால்

ஐந்து கொத்துகள் நன்றாக வருகின்றன, ஒன்று மட்டும் இல்லை. இப்போது கேள்வி, அந்தக் கொத்து எந்தத் தடத்தில் இருக்கிறது என்பது. அந்த அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்துத் தாக்கும் ஏதோ ஒன்று நடக்கிறது.

முதல் சந்தேகம் ஆன்டெனாவின் மேல். கூரையில் உள்ள மீன்முள் போன்ற ஆன்டெனாக்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட தடங்களுக்காக அளவெடுத்துச் செய்தது. நடுத்தண்டின் நுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் நிறம் வகையைச் சொல்லும். சிவப்பு என்றால் 21 முதல் 37 வரை. மஞ்சள் 35 முதல் 53. பச்சை 48 முதல் 68. சாம்பல் 21 முதல் 48. கறுப்பு எல்லாத் தடங்களுக்கும். தரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தாலே நிறம் தெரியும்.

இந்த நிறம் அண்மையில் முக்கியமானதற்கு வரலாறு உண்டு. முன்பு டிவிக்கு 68ஆம் தடம்வரை இடம் இருந்தது. 4ஜி கைபேசிக்காக 790 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியை எடுத்தார்கள். பிறகு 2017 முதல் 2020 வரை 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியையும் காலிசெய்து கைபேசிக்குக் கொடுத்தார்கள். மேலே இருந்த கொத்துகள் ஊர் ஊராகக் கீழ்த்தடங்களுக்கு இறங்கின. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ரீட்யூன். பச்சை மூடி ஆன்டெனா வைத்திருந்த வீடுகளில் கீழே இறங்கிய கொத்து மங்கியது. பெட்டி, கேபிள் எல்லாம் பழையபடியே நன்றாக இருந்தும் ஆன்டெனா அந்தத் தடத்துக்கு உரியதாக இல்லாமல் போயிற்று.

இரண்டாவது சந்தேகம் அண்டைவீட்டு அலை. தடம் 48, 694 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. கைபேசிப் பகுதி 703இல் தொடங்குகிறது. தெருமுனையில் புதிய கைபேசிக் கோபுரம் வந்து, வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அது டிவி அலையோடு கைபேசி அலையையும் சேர்த்துப் பெருக்கித் திணறும். மேல்தடங்களில் உள்ள கொத்துகள் பெரும்பாலும் முதலில் அடிபடும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு சிறு ஃபில்டர் மாட்டினால் சரியாகும்.

மூன்றாவது, பெட்டிக்குப் பின்னால் தொங்கும் சிறு கேபிள். இணைப்பு சரியில்லாத முனையில் அலையின் ஒரு பகுதி பட்டுத் திரும்பும். திரும்பிய அலை வந்துகொண்டிருக்கும் அலையோடு சேரும்போது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர்தான். கேபிளுக்குள் இன்னும் குறைவு. அதனால் ஒரு சாண் நீள வித்தியாசத்தில் ஒரு கொத்து போகலாம், வரலாம். அந்தக் கேபிளை மாற்றிப் பார்ப்பது மிக மலிவான சோதனை. அதை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

போகவில்லை, இடம் மாறியது

சில வீடுகளில் சேனல் எண்ணிக்கை குறைந்திருக்காது, கூடியிருக்கும். ஆனால் 1ஐ அழுத்தினால் வேறு வட்டாரத்துச் செய்தி வரும். பிரிஸ்டல் கால்வாயின் இரு கரைகளிலும் இது பழகிய தொல்லை. இங்கிலாந்துக் கரைக்கு மெண்டிப் கோபுரம், வேல்ஸ் கரைக்கு வென்வோ கோபுரம். நடுவில் தண்ணீர் மட்டும் இருப்பதால் அலை தடையின்றி எதிர்க்கரைக்குப் போகிறது. இரண்டும் கேட்கும் வீட்டில் பெட்டி குழம்பும். பல பழைய பெட்டிகள் கீழ்த்தடத்திலிருந்து தேடி, முதலில் கண்ட கோபுரத்துக்கு 1, 2, 3 எண்களைக் கொடுத்துவிடும். பிறகு கண்டவற்றை 800க்கு மேல் கொண்டுபோய் வைக்கும்.

அதனால் சேனல் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் 800 முதல் 899 வரை பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இருந்தால் சரிசெய்ய மூன்று வழிகள். புதிய பெட்டிகளில் எந்த வட்டாரம் வேண்டும் என்று கேட்கும். கவனித்துப் பதில் சொன்னால் போதும். கேட்காத பெட்டியில் கைமுறைத் தேடல் இருக்கும். முழுப் பட்டியலையும் அழித்துவிட்டு, உங்கள் கோபுரத்தின் தட எண்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள். வேண்டாத கோபுரத்தின் தடங்களைப் பெட்டி தாண்டியதும் கேபிளை மாட்டுங்கள். வேண்டிய தடங்கள் மேலே இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும்.

வானிலை விளையாடும்போது

கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பிரிட்டனின் மேல் உயர் காற்றழுத்தம் வந்து நிலைகொள்ளும் நாட்கள் உண்டு. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். அந்த நாட்களில் தரையருகே குளிர்ந்த ஈரக்காற்று, அதற்கு மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்று என்று தலைகீழாக அமைந்துவிடும். அந்த எல்லையில் ரேடியோ அலை கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதே தடத்தில் ஒளிபரப்பும் தொலைதூரக் கோபுரத்தின் அலை, பிரான்சிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோகூட வந்து, உள்ளூர் அலையின் மேல் விழும்.

அலைகள் கடல் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை அந்தப் பத்தாண்டில் தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். அதன் முக்கிய ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் இருந்தது. அந்த உயரத்திலிருந்து அலையின் தொடுவானம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதற்கு அப்பாலும் படம் தெரிந்ததென்றால் கடல்மேல் காற்று அலையை வளைத்ததுதான். அன்று அது விருந்தாக இருந்தது. டிஜிட்டலில் அதே வளைவு இடையூறு.

உயர் அழுத்த நாட்களில் சேனல்கள் மறைந்தால் ரீட்யூன் செய்யவே கூடாது. பட்டியலில் இருந்த சரியான கொத்துகள் அழியும். தூரத்துக் கோபுரம் ஒன்று உள்ளே ஏறினாலும் ஏறும். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தால் காற்று மாறும், சேனல்கள் வரும்.

வலிமை வேறு, தரம் வேறு

பெரும்பாலான பெட்டிகளின் மெனுவில் சிக்னல் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கோடுகள். ஒன்று வலிமை, மற்றது தரம். கொத்துக்கு ஒரு சேனலாக எடுத்து, இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் ஓர் ஆன்டெனாக்காரர் செய்யும் சோதனையில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிட்டீர்கள்.

வலிமையும் தரமும் குறைவு என்றால் அலை போதவில்லை. ஆன்டெனா, கேபிள், இணைப்புகளைப் பாருங்கள். வலிமை உச்சத்தில் இருந்து தரம் மட்டும் தள்ளாடினால் அலை அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, அல்லது வேறேதோ குறுக்கிடுகிறது. கோபுரத்துக்கு அருகில் வசிப்பவர்கள் சேனல் போனதும் கடைக்குப் போய் பூஸ்டர் வாங்கி மாட்டுவார்கள். அங்கே அது நிலைமையை மோசமாக்கும். பெட்டிக்கு வர வேண்டிய அளவு 45 முதல் 65 டெசிபெல் மைக்ரோவோல்ட். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சுற்று திணறி, தானே புதிய குப்பை அலைகளை உண்டாக்கும். அங்கே தேவைப்படுவது அலையைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற சிறு உருளை.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் எழுதுங்கள்: எது வருகிறது, எது வரவில்லை, அவை எந்தெந்தக் கொத்து. பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வானிலையைப் பாருங்கள். 800க்கு மேல் தேடுங்கள். பெட்டிக்குப் பின்னால் உள்ள கேபிளை மாற்றுங்கள். பூஸ்டர் இருந்தால் கழற்றிப் பாருங்கள். சிக்னல் பக்கத்தில் வலிமையும் தரமும் நிலையாக நின்ற பிறகு ரீட்யூன் செய்யுங்கள்.

அப்போதும் பட்டியல் குழப்பமாகவே இருந்தால் நினைவகத்தில் பழைய எச்சங்கள் ஒட்டியிருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை தேட விடுங்கள். பெட்டி காலிப் பட்டியலை எழுதும். மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கேபிளை மாட்டி மறுபடி தேடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இந்தக் கொத்துக் கணக்கு பிரிட்டனுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊரில் டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கிறவர்களும் சேனல்கள் இடம் மாறும்போது ஸ்கேன் செய்கிறார்கள். அங்கே கோபுரத்துக்குப் பதில் செயற்கைக்கோள். தடத்துக்குப் பதில் டிரான்ஸ்பாண்டர். போகும்போது ஒரு டிரான்ஸ்பாண்டரில் உள்ளவை அத்தனையும் சேர்ந்துதான் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் ஆன்டெனாக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். அவரிடம் “டிவி வரவில்லை” என்று சொன்னால் அவர் கேபிளிலிருந்து கோபுரம்வரை எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும். “தடம் 28இல் உள்ள கொத்து மட்டும் இல்லை, மற்ற ஐந்தும் வருகின்றன, வலிமை நன்றாக இருக்கிறது, தரம் மட்டும் ஏறி இறங்குகிறது, பக்கத்து வீட்டில் பிரச்சினை இல்லை” என்று சொல்லுங்கள். எந்த ஃபில்டரை எடுத்துவர வேண்டும், ஏணி தேவையா என்பதை அவர் தொலைபேசியிலேயே முடிவுசெய்துவிடுவார்.